மார்பு சி.டி. எடுத்தாச்சு, ரத்தக் கட்டி ஏன் தெரியவில்லை?

கொரோனாவின் இரண்டாம் அலை அடித்த 2021 ஏப்ரல், மே மாதங்களில் திருநெல்வேலிப் பக்கம் நலம் விசாரிக்கும் முறையே மாறிப்போனது. "மேலுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டவர்கள் எல்லாம் "ஸ்கோர் எவ்வளவு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். வண்ணார்பேட்டையில் ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்கும் தம்பி, பம்பாயில் இருக்கும் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் முதலில் அனுப்புவதும் அந்த எண்ணைத்தான். எட்டு என்றால் நிம்மதி, பதினெட்டு என்றால் வீடே கலங்கிவிடும்.

அந்த எண் எப்படி வந்தது என்றால், நுரையீரலுக்கு வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் இரண்டு என ஐந்து மடல்கள். கொரோனா நிமோனியா ஒவ்வொரு மடலிலும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பார்த்து, மடலுக்கு 5 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 25. அவ்வளவுதான் கணக்கு. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஸ்கோர் 6 தான், ஆக்சிஜனோ 85-க்கு இறங்கிவிட்டது என்று திகைத்து நின்ற குடும்பங்கள் உண்டு. நுரையீரலின் சதை அவ்வளவாகக் கெடவில்லை என்றால் ஆக்சிஜன் ஏன் குறைகிறது? காரணம் சில சமயம் அந்த ஸ்கேன் பார்க்காத இடத்தில் இருக்கும். அதாவது நுரையீரலுக்குள் ஓடும் ரத்தக் குழாய்களில், ரத்தம் உறைந்த கட்டியாக.

"அதான் சி.டி. எடுத்தாச்சே, கட்டி இருந்தா அதுலயே தெரிஞ்சிருக்காதா?" என்பது நியாயமான கேள்விதான். தெரியாது என்பது பதில். ஏன் தெரியாது என்பதைப் புரிந்துகொண்டால், டாக்டர் எந்த ஸ்கேனை எதற்கு எழுதுகிறார் என்பது ஓரளவு பிடிபட்டுவிடும்.

சி.டி. கருவியை உருவாக்கியவர் இங்கிலாந்தின் பொறியாளர் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட். 1971-இல் லண்டனில் முதல் நோயாளிக்கு அதில் படம் எடுத்தார்கள். 1979-இல் ஆலன் கார்மாக்கோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. உடம்பின் ஒவ்வொரு பொருளும் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை அந்தக் கருவி ஒரு எண்ணாக மாற்றுகிறது. அந்த அளவுகோலுக்கு ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரே நிலைத்துவிட்டது. காற்றுக்கு மைனஸ் 1000, தண்ணீருக்கு 0, எலும்புக்குப் பல நூறு. படத்தில் எண் கூடக் கூட வெள்ளை, குறையக் குறையக் கறுப்பு.

ஆரோக்கியமான நுரையீரலில் பெரும்பகுதி காற்று. அதனால் படத்தில் அது கறுப்பாக விழும். நிமோனியாவில் காற்று இருக்க வேண்டிய அறைகளில் நீர் கோத்துக்கொள்வதால் அந்த இடம் மட்டும் மங்கலான வெள்ளையாகத் தனியே எடுத்துக் காட்டும். ரிப்போர்ட்டில் 'கிரவுண்ட் கிளாஸ்' என்று வருவது அதைத்தான். ரத்தத்தின் கதை வேறு. ஓடுகிற ரத்தத்தின் எண் ஏறக்குறைய 40. உறைந்த ரத்தம் அதைவிடக் கொஞ்சம்தான் கூட. கண்ணுக்கு இரண்டும் ஒரே சாம்பல் நிறம். குழாய் நிறையக் கட்டி அடைத்திருந்தாலும், மருந்து செலுத்தாமல் எடுக்கும் சாதா சி.டி.யில் குழாய் குழாயாகத்தான் தெரியும். ரொம்ப அபூர்வமாக, பெரிய கட்டி லேசாக வெளுத்துத் தெரிவதுண்டு. அதை நம்பி இருக்க முடியாது.

அடைப்பு எங்கிருந்து வருகிறது

இதைத் தாமிரபரணியை வைத்து யோசித்தால் நம்மவர்களுக்குச் சுலபம். ஆறு அகலமானது. கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி என்று ஒவ்வொரு அணைக்கட்டிலும் கால்வாய் பிரிந்து, கால்வாய் வாய்க்காலாகி, வாய்க்கால் மடையாகி, கடைசியில் வயலுக்குப் போகிறது. மேலே எங்கோ கரையில் வளர்ந்த அமலைச்செடி கொத்தாகப் பிய்த்துக்கொண்டு வந்தால், ஆற்றில் மிதக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. பாளையங்கால்வாயில் புகுந்து ஒரு பாலத்தடியில் சிக்கினால்தான் வினை. அதற்குக் கீழே உள்ள வயல்கள் காயும்.

நுரையீரலில் ரத்தக் கட்டி சிக்குவதும் பெரும்பாலும் இப்படித்தான். தொடை, கெண்டைக்கால் ஆழத்தில் உள்ள சிரைகளில் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு, வயிற்றின் பெரிய சிரை வழியாக மேலே ஏறி, இதயத்தின் வலது பக்கத்தைத் தாண்டுகிறது. அதுவரை பாதை அகலம். அங்கிருந்து நுரையீரல் தமனி இரண்டாகப் பிரிந்து, மேலும் மேலும் கிளைத்துச் சுருங்குகிறது. கட்டியின் பருமனுக்கு ஏற்ப ஏதோ ஓர் இடத்தில் நிற்கும். பெரிய கட்டி முதல் பிரிவிலேயே குறுக்கே விழுந்தால் ஆள் மயங்கி விழலாம், உயிரும் போகலாம். சின்னது கடைக்கோடிக் கிளையில் சிக்கினால் மூச்சை இழுக்கும்போது விலாவில் குத்தல், இருமலில் ரத்தக் கீற்று, அல்லது ஒன்றுமே இல்லாமலும் இருக்கும்.

ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் படிப்பது ஜெர்மனியின் ருடால்ஃப் விர்கோவ் பெயரில் உள்ள மூன்று காரணங்களைத்தான்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உள்சுவர் புண்ணாவது, ரத்தமே உறையத் துடிக்கும் நிலைக்கு வருவது. வைரஸ் காய்ச்சல் கடுமையானால் மூன்றும் ஒன்றுசேரும். படுத்த படுக்கையாகக் கிடப்பதில் ஓட்டம் மந்தமாகிறது. அழற்சியில் குழாயின் உள்சுவர் கெடுகிறது. கல்லீரல் உறைபொருட்களை அதிகமாகச் சுரந்துவிடுகிறது.

கொரோனாவில் இன்னொன்றும் தெரியவந்தது. எல்லாக் கட்டியும் காலிலிருந்து வருவதில்லை. புண்ணான நுரையீரல் குழாயிலேயே அந்த இடத்திலேயே ரத்தம் உறைகிறது. 2021-இல் 'ரேடியாலஜி' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வில், நுரையீரலில் கட்டி இருந்த கொரோனா நோயாளிகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே காலிலும் கட்டி இருந்தது. எனவே கால் வீங்கவில்லை என்பதை வைத்து நுரையீரலில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதே ஆய்வில் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் சுமார் 16.5 சதவிகிதம் பேருக்கும், தீவிர சிகிச்சையில் இருந்தவர்களில் நாலில் ஒருவருக்கும் நுரையீரலில் கட்டி இருந்ததாகக் கணக்கு வந்தது. இந்த எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை தடுப்பூசிக்கு முந்தைய காலத்தவை, ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களைப் பற்றியவை. வீட்டில் கஞ்சி குடித்துவிட்டு மூன்று நாளில் எழுந்து நடமாடியவர்களுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை. இன்ஃப்ளூயன்சா போன்ற மற்ற வைரஸ் காய்ச்சல்களும் உறைவைத் தூண்டுபவைதான். ஆனால் 2020-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட பிரேதப் பரிசோதனை ஆய்வில், இறந்தவர்களின் நுரையீரல் நுண்குழாய்களில் இருந்த உறைவு, இன்ஃப்ளூயன்சாவைக் காட்டிலும் கொரோனாவில் 9 மடங்கு. அதே ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் 12 பேரின் உடல்களைப் பரிசோதித்ததில் 7 பேருக்குக் கால் சிரைகளில் கட்டி இருந்தது. உயிரோடு இருந்தபோது யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை.

எப்போது சந்தேகப்படுவது

காய்ச்சலே மூச்சை வாங்க வைக்கும் என்பதால்தான் சிக்கல். நிமோனியாவின் மூச்சிரைப்பையும் அடைப்பின் மூச்சிரைப்பையும் பார்த்த மாத்திரத்தில் பிரிக்க முடியாது. டாக்டர்கள் கவனிப்பது பொருத்தமின்மையை. காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, தேறிக்கொண்டிருந்தவருக்கு இரண்டாவது வாரத்தில் திடீரென்று மூச்சு முட்டுவது. எக்ஸ்ரேயில் சளி கொஞ்சம்தான், ஆக்சிஜனோ ரொம்பக் குறைவு. படுத்திருக்கும்போதே நாடி நூறுக்கு மேல் ஓடுவது. ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது. எழுந்து நடந்தால் கண் இருட்டிக்கொண்டு வருவது. முன்பு எப்போதாவது காலில் ரத்தம் உறைந்திருந்தால், புற்றுநோய் இருந்தால், சமீபத்தில் ஆபரேஷன் நடந்திருந்தால், பிரசவம் ஆகியிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

நம் பக்கத்தில் இந்த நெஞ்சுக் குத்தலை "வாய்வுப் பிடிப்பு" என்று சொல்லி ஓம வாட்டரும் பன்னீர் சோடாவும் கொடுத்துப் பார்ப்பது பழக்கம். பெரும்பாலும் அது வாய்வாகத்தான் இருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வைரஸ் காய்ச்சல் வந்து சில வாரங்களுக்குள், மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்தி, கூடவே மூச்சும் வாங்கினால் சோடாக் கடையைத் தாண்டி நேராக ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் புத்தி.

அங்கே அநேகமாக முதலில் எழுதுவது டி-டைமர் என்ற ரத்தப் பரிசோதனை. உறைந்த ரத்தத்தை உடம்பு கரைக்கும்போது உதிரும் துண்டுகளை அது அளக்கிறது. அளவு 500-க்குக் கீழே இருந்து, டாக்டருக்கும் சந்தேகம் பலமாக இல்லை என்றால், ஸ்கேன் இல்லாமலேயே விட்டுவிடலாம். அதுதான் இந்தப் பரிசோதனையின் உண்மையான பயன். கூடியிருந்தால் கட்டி இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. காய்ச்சல், கர்ப்பம், ஆபரேஷன், வயது எல்லாமே அதைக் கூட்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரும் எண்ணையே எல்லையாகக் கொள்வதும் வழக்கம். எழுபது வயது ஆச்சிக்கு 700 வரை இயல்பு. அப்புறம் அலகையும் பார்க்க வேண்டும். ஒரு லேப் மில்லிலிட்டருக்கு நானோகிராமில் 500 என்று எழுதுவதை இன்னொரு லேப் மைக்ரோகிராமில் 0.5 என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். வேறொரு வகை அலகில் எல்லையே 250 என்று இருக்கும். வேறு வேறு லேப் சீட்டுகளைப் பக்கத்தில் வைத்து "கூடிப்போச்சு, குறைஞ்சுபோச்சு" என்று வீட்டில் முடிவு கட்டாதீர்கள். அந்தந்தச் சீட்டிலேயே பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவோடு ஒப்பிட்டால் போதும்.

சும்மா காய்ச்சலுக்கு, மூச்சுத் தொந்தரவு எதுவும் இல்லாதவர் டி-டைமர் பார்ப்பது வீண் செலவு, வீண் பயம் என்பது என் கருத்து. இரண்டாம் அலையில் பேக்கேஜ் போட்டு விற்ற பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன்

சரி, சந்தேகம் பலமாக இருக்கிறது. இப்போது எழுதுவது சி.டி.பி.ஏ., அதாவது நுரையீரல் தமனிகளுக்கான சி.டி. ஆஞ்சியோகிராம். ஆஞ்சியோ என்றதும் மணிக்கட்டிலோ தொடையிலோ குழாய் விட்டு இதயத்தைப் பார்ப்பது என்று நினைத்து வெலவெலத்துப் போகிறவர்கள் நிறைய. இதில் குழாய் எதுவும் உள்ளே போகாது. கையில் ஒரு ஊசி, சி.டி. மேசையில் படுக்கை, அவ்வளவுதான். ஸ்கோர் பார்த்த அதே மெஷின்தான் இதற்கும். செய்யும் விதம் மட்டும் வேறு.

சீட்டில் 'எச்.ஆர்.சி.டி. செஸ்ட்' என்று இருந்தால் அது நுரையீரலின் சதையைப் பார்ப்பது. 'சி.டி.பி.ஏ.' அல்லது 'சி.டி. பல்மனரி ஆஞ்சியோ' என்று இருந்தால் அது குழாய்களைப் பார்ப்பது. நெரிசலான நேரத்தில் கவுன்டரில் "செஸ்ட் சி.டி.தானே" என்று ஒன்றுக்கு ஒன்று மாறிவிடக் கூடாது. கூட நிற்பவர் ஒரு வார்த்தை கேட்டு உறுதி செய்வதில் தப்பில்லை.

தேவைப்படும் பொருள் அயோடின் கலந்த காண்ட்ராஸ்ட் மருந்து. அயோடின் எக்ஸ்ரேயை நன்றாகத் தடுக்கும். அது கலந்த ரத்தம் படத்தில் 250, 300 என்று வெள்ளை வெளேரென்று ஏறிவிடும். கட்டிக்குள் மருந்து போகாது. அது தன் பழைய எண்ணிலேயே நிற்கும். சாதா சி.டி.யில் பிரிக்க முடியாத சாம்பல், இப்போது வெள்ளைக் குழாய்க்குள் ஒரு கறுப்புத் துண்டாகத் தனியே தெரிந்துவிடுகிறது.

எல்லா சாமர்த்தியமும் நேரம் பார்ப்பதில் இருக்கிறது. மருந்து முழங்கைச் சிரையில் ஏறி, இதயத்தின் வலப்பக்கம் புகுந்து, நுரையீரல் தமனிக்கு வந்து, உடனே இடப்பக்கத்துக்கு ஓடிவிடும். தமனி நிறைந்திருக்கும் நேரம் சில நொடிகளே. அதற்காக மருந்தைக் கையால் அல்ல, பம்பு வைத்து நொடிக்கு 4, 5 மில்லி வேகத்தில் செலுத்துவார்கள். புறங்கையில் ஏற்கெனவே நீல நிற வென்ஃப்ளான் (மருந்து ஏற்றச் சிரையில் மாட்டி வைக்கும் ஊசி) இருக்கும்போது "இன்னொரு ஊசி எதுக்கு?" என்று சண்டை பிடிக்கிறவர்களைப் பார்க்கலாம். அந்த மெல்லிய ஊசி இந்த வேகத்தைத் தாங்காது. முழங்கை மடிப்பில் பச்சை நிறத்து, பருத்த வென்ஃப்ளான் போடுவது அதனால்தான்.

மருந்து ஏறத் தொடங்கியதும் மெஷின் ஓர் இடத்தை மட்டும், நுரையீரல் தமனியின் அடிமரத்தை, திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். அங்கே வெளுப்பு ஏறியதும் ஸ்கேன் ஓடும். உடம்பெல்லாம் குபுகுபுவென்று சூடு பரவும், வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் வந்துவிட்டதோ என்று தோன்றும். ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடும். முன்கூட்டியே இதைச் சொல்லி அனுப்பினால் பெரியவர்கள் பயந்து அசைவதைத் தவிர்க்கலாம். ஊசி போட்ட இடத்தில் கடுமையாக வலித்தாலோ வீங்கினாலோ மட்டும் உடனே குரல் கொடுக்க வேண்டும். மருந்து சிரைக்கு வெளியே கசிந்திருக்கலாம்.

மூச்சை அடக்கச் சொல்லும்போது பலர் ஆனமட்டும் நெஞ்சு முட்ட இழுத்து அடக்குவார்கள். அது காரியத்தைக் கெடுத்துவிடும். பலமாக இழுக்கும்போது வயிற்றுப் பக்கத்திலிருந்து மருந்து கலக்காத ரத்தம் இதயத்துக்குள் புகுந்து, சரியாகப் படம் எடுக்கும் நொடியில் வெள்ளையை நீர்த்துப்போகச் செய்யும். சாதாரணமாக ஒரு மூச்சு, அப்படியே நிறுத்தினால் போதும். வைரஸ் நிமோனியாவில் மூச்சு முட்டுகிறவருக்கு அதுவே மலை. இருமலில் உடம்பு குலுங்கினால் படம் மங்கும். மங்கிய படத்தில் நுனிக் கிளைகளில் கட்டி உண்டா இல்லையா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ரிப்போர்ட்டில் 'சப்செக்மென்டல் கிளைகள் தெளிவாக மதிப்பிடப்படவில்லை' என்ற மாதிரி ஒரு வரி வந்தால் அது கைகழுவல் அல்ல. இந்த உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் பார்க்க வேண்டிய சொல் 'ஃபில்லிங் டிஃபெக்ட்'. மருந்து நிரம்பாத இடம், அதாவது கட்டி. புதுக் கட்டி குழாயின் நடுவே கிடந்து சுற்றிலும் மருந்து ஓடினால், குறுக்குவெட்டில் நடுவில் கறுப்பும் ஓரத்தில் வெள்ளை வளையமுமாக இருக்கும். ரேடியாலஜி டாக்டர்கள் அதற்கு 'போலோ மின்ட்' அடையாளம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அப்புறம் கட்டி எங்கே என்பது: மெயின், லோபார், செக்மென்டல், சப்செக்மென்டல் என்று அடிமரத்திலிருந்து நுனி வரை. நுனியில் ஒற்றையாக ஒரு சின்னக் கட்டி என்றால், எல்லோருக்கும் மருந்து தேவையா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

இவற்றைவிட முக்கியமான வரி இதயத்தைப் பற்றியது. முன்னால் அடைப்பு இருந்தால் வலது இதய அறை திணறி வீங்கும். அதன் அகலம் இடது அறையைவிடப் பெரிதாகி, நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டிருந்தால் 'ஆர்.வி. ஸ்ட்ரெயின்' என்று எழுதுவார்கள். நோயாளியை வார்டில் வைப்பதா, ஐ.சி.யூ.வில் வைப்பதா என்ற முடிவில் கட்டியின் நீள அகலத்தைவிட இதற்கே எடை அதிகம்.

இதே சி.டி.பி.ஏ. நிமோனியாவையும் சேர்த்தே காட்டிவிடும். ஆனால் ஒன்று மட்டும் எந்த சி.டி.யிலும் தெரியாது. மேலே சொன்ன நுண்குழாய்களின் உறைவு. அந்தக் குழாய்கள் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியவை. சி.டி.யின் கண் அரை மில்லிமீட்டரை ஒட்டியே நின்றுவிடும். இரண்டு வகை எக்ஸ்ரே ஆற்றலில் எடுக்கும் டூயல் எனர்ஜி சி.டி. இருக்கும் இடங்களில், அயோடின் எந்தப் பகுதிக்குப் போய்ச் சேரவில்லை என்று வரைபடம் போட்டுப் பார்ப்பார்கள். அங்கும் நிமோனியாவே ரத்த ஓட்டத்தை மாற்றிவிடுவதால் படித்துச் சொல்வது லேசு இல்லை.

மீன், சர்க்கரை மாத்திரை, கதிர்வீச்சு

காண்ட்ராஸ்ட் பற்றி உவரி, இடிந்தகரைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்வி: "எனக்கு எறா ஒத்துக்காது, இந்த மருந்து போடலாமா?" போடலாம். எறா ஒவ்வாமைக்குக் காரணம் அதிலுள்ள புரதம், அயோடின் அல்ல. முன்பு ஒரு தடவை இதே வகைக் காண்ட்ராஸ்ட் ஊசி போட்டுத் தடிப்பு, மூச்சுத் திணறல் வந்திருந்தால் அதுதான் சொல்லியே ஆக வேண்டிய விஷயம்.

கிரியேட்டினின் என்ற ரத்தப் பரிசோதனை பார்ப்பது சிறுநீரகத்துக்காக. சிறுநீரகம் ரொம்பவே கெட்டிருந்தால் யோசிப்பார்கள். அப்போதும் உயிருக்கு ஆபத்தான அடைப்பு என்று சந்தேகம் இருந்தால் ஸ்கேனைத் தள்ளிப்போட மாட்டார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. இல்லை என்றால் ஸ்கேனுக்குப் பின் இரண்டு நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

கூடங்குளம் இருக்கிற மாவட்டத்தில் கதிர்வீச்சு என்றாலே காது நிமிரும். சி.டி.பி.ஏ.யில் உடம்பில் படுவது சுமார் 5 மில்லிசீவர்ட்டை ஒட்டி இருக்கும். மெஷினையும் ஆளின் பருமனையும் பொறுத்துக் கூடும், குறையும். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் உலகத்தில் ஒருவருக்குச் சராசரியாக ஓராண்டில் இயற்கையாகவே கிடைப்பது 2.4 மில்லிசீவர்ட். 2021 மே மாதத்தில் அப்போதைய எய்ம்ஸ் இயக்குநர் ரந்தீப் குலேரியா, ஒரு சி.டி. 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று சொன்னதும், ரேடியாலஜி டாக்டர்களின் சங்கம் அது பழைய கணக்கு என்று மறுத்ததும் நினைவிருக்கலாம். எண்ணில் யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். லேசான காய்ச்சலுக்கெல்லாம் சி.டி. எடுக்காதீர்கள் என்ற அவருடைய எச்சரிக்கை நியாயமானது. அடைப்பு என்று பலமான சந்தேகம் இருக்கும்போது கதிர்வீச்சுக்குப் பயந்து மறுப்பதுதான் நியாயமில்லை. கர்ப்பிணிக்கும் அப்படித்தான். தாயின் மார்புக்கு எடுக்கும் இந்த ஸ்கேனில் வயிற்றிலுள்ள குழந்தைக்குச் சேரும் கதிர் மிகக் குறைவு. காலில் வீக்கம் இருந்தால் முதலில் கால் ஸ்கேன் பார்ப்பார்கள். அதிலேயே கட்டி தெரிந்துவிட்டால் சி.டி. தேவைப்படாமலே போகலாம். பால் கொடுக்கும் தாய் காண்ட்ராஸ்டுக்குப் பிறகும் பால் கொடுக்கலாம்.

மேசைக்குக் கொண்டுபோக முடியாதவர்

ஐ.சி.யூ.வில் வென்டிலேட்டரில் கிடப்பவரை, ரத்த அழுத்தம் தள்ளாடும்போது, சி.டி. அறைக்கு உருட்டிக்கொண்டு போவதே ஆபத்து. அப்போது படுக்கைக்கே மெஷின் வரும். காலுக்கு டாப்ளர்: அல்ட்ராசவுண்ட் கருவியின் முனையை வைத்துச் சிரையை அமுக்கிப் பார்ப்பார்கள். நல்ல சிரை அமுங்கி ஒட்டிக்கொள்ளும், உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது. இதயத்துக்கு எக்கோ: வலது அறை வீங்கித் திணறுகிறதா என்று பார்ப்பது. இரண்டும் நுரையீரல் குழாயை நேரடியாகக் காட்டாது. ஆனாலும் காலில் கட்டி, வலது இதயத்தில் திணறல், ஆக்சிஜன் சரிவு என்று எல்லாம் ஒரே திசையைக் காட்டும்போது, சி.டி.க்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார்கள்.

சிகிச்சை என்பது பெரும்பாலும் ரத்தம் மேலும் உறையாமல் தடுக்க வயிற்றுத் தோலில் போடும் ஹெப்பரின் வகை ஊசி, பிறகு அதே வேலைக்குக் குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. உயிருக்கே ஆபத்து என்றால் கட்டியைக் கரைக்கும் மருந்து. வீட்டில் இருந்தபடி தாங்களாகவே ஆஸ்பிரின் வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் அந்த நாட்களில் எத்தனையோ பேர். இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு, மருத்துவமனையில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு ஆஸ்பிரின் கொடுத்தும் இறப்பு குறையவில்லை என்று 2021-இலேயே காட்டிவிட்டது. ரத்தக் கசிவு மட்டும் கொஞ்சம் கூடியது.

வீடு திரும்பிய பிறகும் கதை சில மாதம் தொடரும். ஸ்வீடன் நாட்டுப் பதிவுகளை வைத்து 2022-இல் வந்த ஆய்வு, கொரோனாவுக்குப் பின் கால் சிரைக் கட்டிக்கான ஆபத்து மூன்று மாதம் வரையும், நுரையீரல் கட்டிக்கான ஆபத்து ஆறு மாதம் வரையும் கூடுதலாக இருந்ததாகச் சொன்னது. அம்பாசமுத்திரத்திலோ சங்கரன்கோவிலிலோ டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர் இரண்டு மாதம் கழித்து மூச்சு முட்டுகிறது என்றால், "அது அப்பவே போன காய்ச்சல்" என்று தள்ளிவிடாமல், காய்ச்சல் வந்த கதையையும் டாக்டரிடம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கட்டிக்கு மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டும் மாடிப்படி ஏறினால் இரைப்பு அடங்காதவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களுக்கு முதலில் எக்கோ எடுத்து நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். கூடியிருந்தால் வி.க்யூ. ஸ்கேன். கதிரியக்கத் துகளை மிகச் சிறிய அளவில் செலுத்தி, காற்று போகும் இடத்துக்கெல்லாம் ரத்தமும் போகிறதா என்று ஒப்பிடுவது அது. நிமோனியா உச்சத்தில் இருக்கும்போது காற்றோட்டமே தாறுமாறாக இருப்பதால் அந்த ஸ்கேன் குழப்பும். நுரையீரல் தெளிந்த பிறகு, கரையாமல் தழும்பாக ஒட்டிக்கொண்ட பழைய அடைப்பைப் பிடிப்பதில் அது சி.டி.யைவிடக் கெட்டி. அதற்குப் போகும்போது ரிப்போர்ட் பேப்பரோடு பழைய ஸ்கேனின் டிஸ்க்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். அப்போது எந்தக் கிளையில் கட்டி இருந்தது என்று படத்திலேயே பார்த்து ஒப்பிட்டுக்கொள்வார்கள்.